நிலாக் குவாரியில் தினம் ஒரு தீர்ப்பு

கையில நீலப் பட்டை கட்டியிருக்கீங்களே, அதான் கேட்டேன். சந்திரபுரிக்குத்தானே? நெனச்சேன். மேலூருக்கு முன்னாலயே ஸ்டாப்பிங் வந்துரும் தம்பி. நான் சொல்றேன், எறங்கிக்கலாம். நானும் அங்கதான் போறேன், எனக்கு வேலையே அங்கதான். நேத்து லீவு போட்டுட்டு திருப்பத்தூர் வரைக்கும் வந்தேன், ஒரு சொந்த விஷயமா. அது கெடக்கட்டும், அப்புறம் சொல்றேன்.

ரெண்டு பேரும் மொதத் தடவையா? அப்ப ஒரு விவரம் சொல்லிடுறேன். உள்ள நொழைஞ்சிட்டா நீங்க டிக்கெட் வாங்கின ஆளு இல்ல, நெலாவுல குடியிருக்கிற ஆளு. சாம்பல் கலர்ல சட்டை ஒண்ணு குடுப்பாங்க, போட்டுக்கணும். காலையில டாக்டரம்மா செத்துக் கெடக்கும். ரப்பர் பொம்மைதான், பயப்படாத தங்கச்சி. அந்தம்மா ரூமுக்குக் காத்து நின்னு போயிருக்கும், கதவு வெளிப்பக்கமா பூட்டியிருக்கும். யாரு பண்ணதுன்னு சாயங்காலத்துக்குள்ள நீங்கதான் கண்டுபிடிக்கணும். விஞ்ஞானக் கதையும் துப்பறியுற கதையும் சேந்த மாதிரி நாவல் எல்லாம் வருதுல்ல, அதுக்குள்ளயே போய் உக்காந்தாப்புல இருக்கும். கடைசியில எல்லாரும் கையை நீட்டி, இவன்தான்னு ஒரு ஆளைக் காட்டணும்.

யாரைக் காட்டுவீங்கன்னு நான் இப்பவே சொல்லிடுவேன். என்னைத்தான் காட்டுவீங்க. என் வேஷம் காத்து மேஸ்திரி. எந்த ரூமுக்கு எவ்வளவு காத்துன்னு தொறந்து மூடுற ஆளு. எழுதின கதைப்படி மேஸ்திரி அப்பாவி தம்பி. கொலை பண்ணது இன்ஜினியர். மொதல் மூணு மாசம் ஜனங்க ஒழுங்கா இன்ஜினியரைத்தான் காட்டிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் மாறிப்போச்சு. யாரு மாத்தினதுன்னு கேளுங்க. எம் பொண்டாட்டி. சொந்தப் பொண்டாட்டி, அழகுநாச்சி.

நான் பூர்வீகமா நாடகக்காரன். அடைக்கலம்னு சொன்னா காரைக்குடி, சிங்கம்புணரிப் பக்கம் திருவிழா நாடகம் பாத்தவங்களுக்குத் தெரியும். பபூன் வேஷம். நான் மேடை ஏறுனா தூங்குற ஆளு எந்திரிச்சு உக்காருவான். வீட்டுக் கதையைத்தான் சொல்வேன். எம் பொண்டாட்டி வைக்கிற ரசம், மாமியாரு நடை, பேச்சு எல்லாத்தையும் அப்படியே செஞ்சு காட்டுவேன். மாமியாரு பல்லைப் பத்தி ஒரு அயிட்டம் வச்சிருந்தேன், கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஒருதரம் கல்லல் பக்கம் ஒரு கோயில்ல அந்தம்மாவே முன்வரிசையில உக்காந்திருந்தாங்க, பக்கத்துல இவ. சிரிப்பு தாங்கல அன்னைக்கு. வீட்டுக்கு வந்து இவ அழுறா. நான் சொன்னேன், மேடையில பேசுனதை வீட்டுல கேக்கக் கூடாது, அது எங்க தொழில்ல சட்டம்னு. உண்மையிலேயே சட்டம்தான் தம்பி. மேடையில ராஜபார்ட்டை நான் எருமைன்னு திட்டுவேன், எறங்குனதும் ரெண்டு பேரும் ஒரே எலையில சாப்பிடுவோம். யாரும் மனசுல வச்சுக்கிறது இல்ல. அந்தச் சட்டம் இல்லேன்னா ஒரு நாடக செட்டும் ஒரு ராத்திரி தாண்டாது.

அப்புறம் நாடகம் கொறைஞ்சு போச்சு. கல்லு வெட்டி முடிச்சுப் போட்ட குவாரிப் பள்ளத்தை எவனோ வாங்கி, சாம்பல் அடிச்சு, கண்ணாடிக் கூண்டு போட்டு, நெலான்னு சொல்லி ஆளெடுத்தான். நான் போனேன். பேச்சைப் பாத்ததும் எடுத்துக்கிட்டாங்க. கூடவே இவளையும் சேத்துவிட்டேன். வேஷத்துக்கு இல்ல, கேன்டீன்ல சமைக்க. ஸ்டாப் குடியிருப்புல ஒரு ரூம் குடுத்தாங்க. வீட்டுல தனியா கெடக்குறதுக்கு இங்க நம்ம கண்ணு முன்னால இருக்கட்டுமேன்னு நெனச்சேன். நல்லதுக்குத்தான் நெனச்சேன்.

அங்க எங்க எல்லாருக்கும் காதுல ஒரு பட்டாணி மாதிரி சொருகிவிடுவாங்க. அதுல ஒரு குரல் பேசும். கம்ப்யூட்டருதான். நாங்க வாத்தியாருன்னு சொல்வோம், நாடகத்துல கதை சொல்லித் தர்றவரை அப்படித்தானே சொல்றது. வந்தவங்க யாரை நம்புறாங்க, எந்த எடத்துல காதைத் தீட்டிக்கிட்டு நிக்கிறாங்கன்னு அது பாத்துக்கிட்டே இருக்கும். எது எடுபடுதோ அதைக் கூட்டும். எடுபடாததைக் கொறைக்கும். அது ஒரு சனியன் தம்பி, அதுக்கு நல்லது கெட்டது கெடையாது. இன்னொண்ணு, வந்தவங்க முன்னால வேஷம் கலையவே கூடாது. சொந்தப் பேரு சொல்லக் கூடாது, சொந்த விஷயம்னு சொல்லி எதையும் மறுக்கக் கூடாது. கலைஞ்சா அன்னைக்கே சீட்டைக் கிழிச்சிருவாங்க.

ஒரு நாள் யாரோ ஒரு டீச்சரம்மா கேன்டீன்ல சாப்பிட்டுக்கிட்டே இவகிட்ட கேட்டிருக்காங்க, இந்தக் காத்து மேஸ்திரி எப்படிப்பட்ட ஆளுன்னு. இவளுக்குக் கதை கட்டத் தெரியாது. தெரிஞ்சதைச் சொல்லியிருக்கா. கரண்டியைக் கீழ வைக்காம சொன்னாளாம், வெளிய போனா கதவைப் பூட்டிக்கிட்டுப் போவாருன்னு. அவ்வளவுதான். சாப்பிட்ட அத்தனை பேரும் கையை அப்படியே நிறுத்திட்டாங்களாம். ஏன்னா டாக்டரம்மா கதவும் வெளியதானே பூட்டியிருந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் மொதத் தடவையா அத்தனை கையும் என்னைக் காட்டுச்சு. எனக்கு ஒண்ணுமே வெளங்கல, முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். முழிக்கிறான் பாரு திருட்டு முழின்னு ஒருத்தன் சொல்றான்.

பூட்டுனது நெசமான்னு கேக்குறீங்க. நெசம்தான். அதுல என்ன இருக்கு? நாடகக்காரன் சாயங்காலம் போனா மறுநாள் விடிஞ்சுதான் வருவான். நாங்க குடியிருந்த தெருவு ஒரு மாதிரி. பூட்டிட்டுப் போனா நமக்கும் நிம்மதி, அவளுக்கும் பாதுகாப்பு. உள்ள டிவி இருந்துச்சு, ஃபேன் இருந்துச்சு, ஜன்னல் இருந்துச்சு. என்ன கொறை? ஒரு கொறை சொல்லச் சொல்லுங்க பாப்போம். பட்டினி போட்டேனா?

மறுநாள்ல இருந்து வாத்தியாரு இவளைப் பிடிச்சுக்கிச்சு. காதுல பட்டாணி, ஒடம்புல வெள்ளிச் சேலை. கேன்டீன்காரி போயி மேஸ்திரி பொண்டாட்டி ஆயிட்டா, முக்கியமான சாட்சி ஆயிட்டா. தினம் ஒண்ணு சொல்வா. குழம்புல உப்பு கூடிப்போச்சுன்னு தட்டை எறிஞ்சது, போனை வாங்கி நான் வச்சுக்கிட்டது, இப்படி. சத்தமா கூட சொல்ல மாட்டா. வெங்காயம் உரிச்சுக்கிட்டே சொல்வா. பொம்பளைங்க எல்லாம் அவளைச் சுத்தி உக்காந்துக்கிருவாங்க. ஒருத்தி அவகூடச் சேந்து வெங்காயம் உரிக்க ஆரம்பிச்சிட்டா, டிக்கெட் வாங்கி வந்தவ.

நான் பக்கத்துலயே நிக்கணும். மறுக்க வாயைத் தொறந்தா காதுல வாத்தியாரு சொல்லும், மறுக்காதீங்க, காரணம் சொல்லுங்கன்னு. சரின்னு காரணம் சொல்வேன். நான் சொன்ன காரணம் எல்லாம் நல்ல காரணம் தம்பி. இப்ப உங்ககிட்டச் சொன்னேன்ல, தெருவு சரியில்லன்னு, அதே மாதிரி நெலாவுக்குத் தோதா மாத்திச் சொல்வேன். நான் பேசப் பேச எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சி இறுகிக்கிட்டே போகும். பபூனா இருந்தவனுக்கு கூட்டத்தோட மூஞ்சி தெரியாதா? சிரிப்பு வர்ற எடம் எது, வராத எடம் எதுன்னு எனக்கு அத்துப்படி. அந்த மூஞ்சிகள்ல நான் எதைச் சொல்லியும் ஒண்ணும் அசையல.

ஒரு நாள் குடியிருப்புல வச்சுக் கேட்டுட்டேன், என்னடி நெனச்சுக்கிட்டு இருக்கேன்னு. அவ வாளியில அந்த வெள்ளிச் சேலையை அலசிக்கிட்டு இருந்தா. நிமிரக் கூட இல்ல.

"அது மேஸ்திரி பொண்டாட்டி பேசுறது. மேடையில பேசுனதை வீட்டுல கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க."

எங்க சட்டத்தையே எடுத்து என் தலையில போட்டா பாருங்க. கையை ஓங்கலை தம்பி, சத்தியமா ஓங்கலை. வாளியை மட்டும் எத்துனேன், அது தானா உருண்டு ஓடிருச்சு. அதையும் மறுநாள் நெலாவுல சொல்லிட்டா.

மேனேஜர் ஒரு பொண்ணு, சின்ன வயசு, படிச்சது. அதுகிட்டப் போயி, குடும்ப விஷயத்தை எல்லாம் கூட்டத்துல பேசுறா, நிறுத்தச் சொல்லுங்கன்னேன். அது என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, அதெல்லாம் நெசமான்னு கேட்டுச்சு. நெசமா பொய்யான்னு இப்ப யாரு கேட்டா? வீட்டு விஷயம்ங்கிறேன், இது நெசமாங்குது. அப்புறம் அதுவே சொல்லுச்சு, உங்க மனைவி பேசுறதைக் கேக்கவே ரெண்டாந் தடவை வர்றாங்க, இப்ப நிறுத்த முடியாதுன்னு. சம்பளம் கூட்டிக் குடுத்தாங்க. அதை வச்சு என்ன பண்ண.

எல்லாத்தையும் விட மோசம் என்னன்னா, தீர்ப்பு ஆனதும் காத்தறையில போட்டுப் பூட்டுவாங்க. கண்ணாடி ரூம். இவ்வளவு தடிச்ச கண்ணாடி. உள்ள ஒரு ஸ்டூல். வெளிய தாழ்ப்பாளை டிக்கெட் வாங்கினவங்கள்லயே ஒருத்தர்தான் போடுவாரு, அதுக்குன்னு கைதட்டு வேற. அப்புறம் கடைசி மியூசிக் வர்ற வரைக்கும் நான் உள்ள கெடக்கணும். நான் பேசுனா வெளிய கேக்காது. ஒண்ணுக்கு வந்தா கூட சொல்ல முடியாது. மொத நாள் எனக்கு மூச்சு முட்டிப்போச்சு. காத்து வரத்தான் செய்யுது, ஆனா வராத மாதிரியே இருக்கு. நாம எப்ப வெளிய வர்றதுங்கிறது வேற ஒருத்தன் கையில இருக்கு பாருங்க, அது மனுசனை அரிச்சிரும். பொழுதுக்கும் தாழ்ப்பாளையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். ஒரு மனுசனை உள்ள வச்சு வெளிய பூட்டலாமா தம்பி? மிருகத்துக்குக் கூட அப்படிச் செய்யக் கூடாது. மேனேஜர்கிட்ட சொன்னா, கொஞ்ச நேரம்தானே, உள்ள ஃபேன் இருக்கு, தண்ணி பாட்டில் இருக்கு, என்ன கொறைங்குது. அனுபவிச்சுப் பாத்தாத் தெரியும். அதுகளுக்கெல்லாம் ஈரம் கெடையாது.

என்ன தங்கச்சி, என்னமோ கேக்க வந்தீங்க. ஒண்ணும் இல்லையா, சரி.

மாமியாரு விஷயத்தையும் சொல்லிடுறேன். எப்படியும் அங்க கேள்விப்படுவீங்க, இப்ப அவ எடத்துல வேற பொண்ணு அதைச் சொல்லுது. நான் அறந்தாங்கிப் பக்கம் நாடகத்துக்குப் போயிருந்தப்ப மாமியாரு செத்துப்போச்சு. இவ தம்பி வண்டி எடுத்துக்கிட்டு இவளைக் கூட்டிப் போக வந்திருக்கான். வீடு பூட்டியிருக்கு. ஜன்னல் வழியாப் பேசியிருக்காங்க. அவ போனும் எங்கிட்ட இருந்துச்சு, மேடையில இருக்கிறவன் போனை எங்க பாக்குறது? அவன் காத்துப் பாத்துட்டு, விடிஞ்சதும் பொணத்தை எடுக்கணும்னு கெளம்பிப் போயிட்டான். நான் காலையில வந்து தொறந்தேன், அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. நான் என்ன சாகச் சொன்னேனா? அவ தம்பிக்குக் கை இல்லையா, பூட்டை ஒடைச்சிருக்கலாம்ல? வாடகை வீடுதான், ஆனா ஒரு பூட்டுக்கு நான் என்ன சொல்லப் போறேன். அதை இன்னைக்கு வரைக்கும் ஒருத்தனும் கேக்கல.

அன்னைக்கு இவ அழவே இல்ல. வந்ததும் எனக்குக் காபி போட்டுக் குடுத்தா. சரி, மனசைத் தேத்திக்கிட்டான்னு நெனச்சேன். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசினது இல்ல அதைப் பத்தி. பல வருஷம் கழிச்சு நெலாவுல, கூட்டத்துக்கு நடுவுல சொல்றா.

"எங்கம்மா பூமியில செத்துப்போச்சு. என்னைக் கூட்டிப் போக வண்டி வந்து வாசல்ல நின்னுச்சு. கதவு பூட்டியிருந்துச்சு. சாவி இவருகிட்ட."

வாத்தியாரு என் காதுல ஒண்ணுமே சொல்லல. அது பேசாம இருந்தது அன்னைக்கு ஒரு நாள்தான். மேடை சரியில்ல, வண்டி கெடைக்கலன்னு நானா என்னமோ ஒளறுனேன்.

அதுக்கு மறுநாள்தான் அவ போனது. எப்படிப் போனான்னா, கதை முடியுறப்ப பூமிக்குப் போற வண்டி ஒண்ணு வரும். வெள்ளி அடிச்ச பஸ்ஸுதான், உங்களை எல்லாம் ஏத்திக்கிட்டுப் பள்ளத்துல இருந்து மேல கார் நிக்கிற எடத்துல விடும். அதுல ஒரு சீட்டு பாக்கி இருக்கும். வந்தவங்க எல்லாம் சாட்சி சொன்ன பொண்டாட்டியைக் கூப்பிடுவாங்க, நீ வந்துரும்மான்னு. அவ வர மாட்டா. அவரு எப்படியும் வெளிய வருவாரு, சோறு யாரு போடுறதுன்னு சொல்லிட்டு உக்காந்துருவா. பொம்பளைங்க கண்ணைத் தொடைச்சுக்கிட்டுப் போவாங்க. வாத்தியாரு எழுதினது அப்படி. தினமும் அப்படித்தான் நடக்கும், நானும் கண்ணாடிக்கு உள்ள இருந்து தினமும் பாப்பேன். எனக்கே நல்லா இருக்கும் அந்த எடம்.

அன்னைக்குக் கூப்பிட்டாங்க. இவ எந்திரிச்சா. காதுல இருந்த பட்டாணியைக் கழட்டி, அடுப்பு மேடையில வச்சா. கையைத் துண்டுல தொடைச்சா. போயி வரிசையில நின்னுக்கிட்டா.

எனக்குப் புரிஞ்சுபோச்சு தம்பி. கண்ணாடியைத் தட்டுனேன். ரெண்டு கையாலயும் தட்டுனேன். காத்து மேஸ்திரியாவது ஒண்ணாவது. அழகுநாச்சி, ஏ அழகுநாச்சின்னு சொந்தப் பேரைச் சொல்லிக் கத்துறேன். எந்த மேடையிலயும் என் வேஷம் கலைஞ்சது கெடையாது, அன்னைக்குக் கலைஞ்சுபோச்சு. வெளிய ஒரு சத்தமும் போகல. வரிசையில நின்னவங்க திரும்பிப் பாத்தாங்க. பாத்துட்டுக் கை தட்டுனாங்க. குடும்பம் குடும்பமா நின்னு கை தட்டுறாங்க, புள்ளையைத் தூக்கிக் காட்டுறாங்க. காதுல வாத்தியாரு சொல்லுது, ரொம்ப நல்லா இருக்கு, தொடருங்கன்னு. அவளும் ஒருதரம் திரும்பிப் பாத்தா. கோவமாப் பாத்திருந்தாக் கூட எனக்கு ஆறியிருக்கும். பஸ் ஸ்டாண்டுல நம்ம பஸ்ஸு எதுன்னு போர்டு பாப்போம்ல, அப்படிப் பாத்துட்டு ஏறிட்டா.

கதவைத் தொறந்துவிட்டு நான் மேல ஏறி ஓடுறதுக்குள்ள கார் எல்லாம் போயிருச்சு. வெங்காயம் உரிச்சாளே, அந்தப் பொம்பளை மாதிரி எவளோ ஒருத்தி தன் கார்ல ஏத்திக்கிட்டுப் போயிருக்கா. வேஷம் கலைச்சதுக்கு என்னை வேலையை விட்டுத் தூக்குவாங்கன்னு நெனச்சேன். மேனேஜர் பொண்ணு வந்து கையைக் குடுக்குது. இனிமே தினமும் இப்படியே வச்சுக்கலாம்னு வாத்தியாரு சொல்லிருச்சாம். மறு வாரமே திருமங்கலத்துப் பொண்ணு ஒண்ணைக் கொண்டுவந்து வெள்ளிச் சேலை கட்டிவிட்டாங்க. அது நடிக்கப் படிச்சது, நல்லா அழுவுது. தினமும் அது பஸ் ஏறும், தினமும் நான் கண்ணாடியைத் தட்டணும். மணிக்கட்டு ரெண்டும் வீங்கிக் கெடக்கு பாருங்க. இன்னும் கொஞ்சம் வேகமாத் தட்டுங்கன்னு நேத்துக்கு முந்தின நாள் சொல்லுது அந்தச் சனியன்.

நேத்து திருப்பத்தூர் வந்தது அவளைக் கூப்பிடத்தான். அவ தம்பி வீட்டுலதான் இருக்கா. பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு மொறையாப் போனேன். உக்காரச் சொன்னா, தண்ணி குடுத்தா. ஆளு கொஞ்சம் தேறியிருக்கா. பெரியவங்க பேசுனாங்க, நானும் பேசுனேன், நடந்ததை எல்லாம் மறந்துட்டேன், உம் மேல எனக்குக் கோவம் இல்ல, வான்னு தன்மையாத்தான் சொன்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு அவ சொன்னா.

"அம்புட்டு நாளும் அங்க நின்னு சொன்னேன். மொகம் தெரியாதவங்க எல்லாம் கேட்டாங்க. நீங்க பக்கத்துலயேதான் நின்னீங்க."

இதுக்கு என்ன அர்த்தம்? பக்கத்துலதானே நின்னேன், நின்னா தப்பா? பெரியவங்க ரெண்டு பேரும் எந்திரிச்சுச் செருப்பைப் போட்டுட்டாங்க. எனக்காகப் பேச வந்தவங்க தம்பி, திரும்பி வர்றப்ப எங்கூட ஒரு டீ குடிக்கல.

சரி, அது போகட்டும். உங்ககிட்ட ஒரு உதவி. சாயங்காலம் கையை நீட்டச் சொல்வாங்கல்ல, அப்ப என்னைக் காட்டாதீங்க. இன்ஜினியரைக் காட்டுங்க. உண்மையிலேயே அவன்தான் கொலைகாரன், எழுதினதே அப்படித்தான். பக்கத்துல நிக்கிறவங்ககிட்டயும் சொல்லுங்க. ஒரே ஒரு நாள் என்னை உள்ள போடாம இருந்தாப் போதும். பஸ் கெளம்புறப்ப நான் வெளிய இருப்பேன். ஓடிப்போயி வாசப்படியில நின்னுக்குவேன்.

அவ இல்லதான், தெரியும். அந்தத் திருமங்கலத்துப் பொண்ணுதான் ஏறும். யாரா இருந்தா என்ன, அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு அந்தப் பஸ்ஸுல ஏறுறவகிட்ட ஒருதரமாவது நேரா நின்னு சொல்லணும் எனக்கு. கண்ணாடிக்கு உள்ள நின்னு சொல்லிச் சொல்லி நெஞ்சு வெடிக்குது தம்பி. ராத்திரியும் பகலும் அந்த ஒரு வார்த்தைதான் தொண்டையில நிக்குது.

என்ன சொல்வேனா? நல்லாக் கேட்டீங்க தங்கச்சி. எறங்குடின்னு சொல்வேன். வேற என்னத்தைச் சொல்ல?